பேனா சரி, மை காயவில்லை

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் பார்த்த படத்தின் கதை 1938-இல் நடக்கிறது. நாயகி பால்பாயிண்ட் பேனாவில் காதலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அதற்குமேல் படத்தில் மனம் ஒட்டவில்லை. ‘பிரோ என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1938-இல்தானே, அப்புறம் என்ன?’ என்கிறான் மகன். இப்படிப் பிழை பொறுக்குவது ரசனையா, வியாதியா?

கே.

அன்புள்ள கே.,

வியாதிதான். எனக்கும் இருக்கிறது.

மகன் சொல்லும் ஆண்டு சரி, கணக்குதான் இடிக்கிறது. காப்புரிமை வாங்கிய அன்றே ஒரு பொருள் வீட்டுக்குள் வந்துவிடாது. நியூயார்க் கடையில் பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். அப்போதும் விலை 12.50 டாலர். ஜிப்பும் அப்படித்தான். இன்றைய வடிவம் 1913-இலேயே தயார், ஆண்களின் கால்சட்டைக்கு வந்து சேர்ந்தது 1930-களில். ஆனால் ஸ்டார் ஸ்க்ரூவுக்குக் காப்புரிமையே 1936-இல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரண்மனைக் கதவின் கீலில் அதைப் பார்த்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. 1938 என்றால் வீட்டில் இருக்கும் அத்தனையும் 1938-இல் வாங்கியதுபோலப் பளபளக்கும். தாத்தா காலத்து மேஜை ஒன்றுகூடவா இருக்காது? கலை இயக்குநர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பொருள் அல்ல, கை. ஒரு படத்தில் பேனா சரியாகவே இருந்தது, நல்ல மைப்பேனா. நடிகை நிப்பைப் பால்பாயிண்ட் மாதிரி அழுத்தி நாலு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், அடுத்த நொடியே தாளை இரண்டாக மடித்து உறையில் செருகினார். ஈர மை எதிர்ப்பக்கத்தில் அப்பியிருக்க வேண்டாமா? மை ஒற்றும் தாளை எடுப்பதோ, வாயால் ஊதுவதோ, எதுவும் இல்லை. மெழுகுத்திரியும் இதே கதை. தானாக வளைந்து எரிந்துபோகும் பின்னல் திரி வந்தது 1820-களில். அதற்கு முன்பு கருகிய திரியை அடிக்கடி யாராவது கத்தரிக்க வேண்டும், இல்லையென்றால் புகையும். படத்திலோ விடிய விடிய ரகசியம் பேசுவார்கள், ஒருவர்கூட எழுந்து திரிப்பக்கம் போகமாட்டார்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படம் முடியும்வரை மகனிடம் வாய் திறக்காதீர்கள். அந்த மை விஷயத்தை நான் அரங்கிலேயே சொல்லித் தொலைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்னை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டார்.