பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தில் டோபமைன் ஏன் குறைகிறது என்று யாருக்கும் தெரியாதா?

"டோபமைன் குறைவதால் பார்க்கின்சன் வருகிறது என்கிறார்கள். சரி, அது ஏன் குறைகிறது என்று கேட்டால் மழுப்புகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவும் நியூரோ டாக்டரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. அப்பாவுக்கு நோய் வந்ததிலிருந்து இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

டோபமைன் என்பது அசைவைச் சீராக்க மூளைச் செல்கள் சில சுரக்கும் ரசாயனம். அது குறைகிறது என்பது பழைய கதை. 1957இல் ஆர்விட் கார்ல்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர், டோபமைனைக் காலியாக்கும் ரிசர்பைன் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுத் துவண்டு கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியில் போட்டதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில், இறந்துபோன நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை ஹார்னிகேவிச் குழு காட்டியது. மறு ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அப்பா இன்று விழுங்கும் மாத்திரை அந்த முயல்களின் வழியாக வந்ததுதான்.

டோபமைன் குறைந்தால் கைகால் வலுவிழந்துபோகும் என்று நினைக்காதீர்கள். அப்பா அறைவாசலில் வந்து அப்படியே நின்றுவிடுவார், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தரையில் குறுக்காக நான்கைந்து பட்டை டேப் ஒட்டினேன். ஒவ்வொரு பட்டையையும் தாண்டித் தாண்டி நடந்துவிட்டார்! யோசிக்காமல் தானாக நடக்கவைக்கும் பாதைதான் பழுது. கண்ணால் பார்த்து, குறிவைத்துக் கால் வைப்பதற்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இனி உங்கள் 'ஏன்'. இதில் பெரிய துப்பு ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுக் கிடைத்ததில்லை. 1982இல் கலிபோர்னியாவில் இளவயதினர் சிலர் திடீரென்று சிலைபோல உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள்போல இருந்தார்கள், ஆனால் வயது அதற்குப் பொருந்தவில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்ததில், எல்லோருமே திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. அதில் எம்பிடிபி என்ற கழிவுப்பொருள் கலந்திருந்தது.

இந்த எம்பிடிபி தன்னளவில் விஷமில்லை. மூளைக்குள் போனதும் ஒரு நொதி அதை விஷமாக மாற்றிவிடுகிறது. டோபமைன் செல்கள் டோபமைனை உள்ளே இழுக்க ஒரு வாசல் வைத்திருக்கின்றன. விஷம் அதே வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. உள்ளே போய், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்ட வேலையை முடக்க, செல் சக்தியின்றிச் செத்துவிடுகிறது. மற்ற செல்கள் தப்பிக்கக் காரணம், அவற்றில் அந்த வாசல் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாணவர் இதேபோலத் தானே தயாரித்துப் போட்டுக்கொண்டு இதே நிலைக்கு ஆளாகியிருந்தார். அப்போது ஆய்வாளர்கள் அந்தப் பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எலி தாங்கும், குரங்கும் மனிதனும் தாங்கமாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. விலங்குச் சோதனை முடிவை அப்படியே நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

எம்பிடிபி கொடுத்த குரங்குகளில்தான், மூளையில் அளவுக்கு மீறி வேலை செய்யும் ஒரு பகுதியை முடக்கினால் அறிகுறிகள் குறைவதை டிலாங் என்ற ஆய்வாளரின் குழு 1990இல் காட்டியது. மூளையின் அந்தப் பகுதியில் மின்கம்பி வைக்கும் சிகிச்சைக்கு அது வழிகாட்டியது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் மைட்டோகாண்ட்ரியாவின் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. அதனால் பூச்சிமருந்து மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் மருந்து தெளித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லையே.

அப்புறம் மரபணு. 1997இல் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை கண்டுபிடித்தார்கள். நோயாளிகளின் மூளைச் செல்களில் காணப்படும் லூயி உருண்டைகள் பெரும்பாலும் அந்தப் புரதத்தாலேயே ஆனவை என்று அதே ஆண்டு தெரிந்தது. மரபணுப் பிழை சிறுபான்மையினரிடம்தான் உண்டு. உருண்டைகளோ பெரும்பாலான நோயாளிகளிடம் உண்டு. புரதம் கெட்டதால் செல் சாகிறதா, சாகும் செல்லில் புரதம் தேங்குகிறதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். என் கணக்கில், பார்க்கின்சன் என்பது பல காரணங்கள் வந்து சேரும் ஒரே முட்டுச்சந்து. டாக்டர்கள் மழுப்புவதாக நீங்கள் நினைப்பது அதனால்தான்.

2003இல் பிராக் குழு இன்னொன்று சொன்னது: சேதம் டோபமைன் செல்களில் தொடங்குவதில்லை, முகர்வு நரம்புப் பகுதியிலும் மூளைத்தண்டின் அடியிலும் தொடங்கி மேலே ஏறுகிறது. எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. ஆனால் படித்தபோது எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மூக்கு இருக்கா இல்லையா உங்களுக்கு?" என்று அம்மா திட்டினாள். அவர் கை நடுங்கத் தொடங்கியது அதற்கு ஆறு வருடம் கழித்து.