பெங்களூரில் இரண்டு மாதமாக மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை, என்ன செய்வது?

முதலில், தவறு உங்கள் மேல் இல்லை. முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் என்று 2006இல் வெளியான ஸ்டார்-டி என்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தை மாற்றிய பிறகு குணமானவர்கள் பலர்.

ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், பதற்றம் எல்லாம் வரலாம். டாக்டரிடம் "சரியாகல" என்று மட்டும் சொன்னால் போதாது. தூக்கமா, பசியா, காரணமில்லாத அழுகையா, எது அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதா, வேறு மருந்தா, பேச்சு சிகிச்சையும் சேர்ப்பதா என்று அவர் முடிவெடுக்க அதுதான் உதவும். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சாகத் தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், ப்ளீஸ். நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.