அண்ணாச்சி பதில்கள்: வண்டிக்குத் தோல் சீட், தோல் பை

கேள்வி: என் 350 புல்லட்டுக்கு ஒற்றை ஸ்பிரிங் சீட் போட்டு, அதன் மேல் யாளியும் கொடியும் செதுக்கிய தோல் வேண்டும் அண்ணாச்சி. இங்கே சீட் கவர் தைப்பவர், சோபாவுக்குப் போடுகிற தோலிலேயே அச்சு அழுத்தித் தருகிறேன் என்கிறார். நிற்குமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நிற்காது. சோபா, ஜாக்கெட்டுக்கு வருகிற தோலில் பெரும்பாலானது குரோம் உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் தாங்கும். ஆனால் கையால் அடித்த தடத்தைப் பிடித்து வைக்காது. கொஞ்ச நாளில் பூவெல்லாம் மேலெழும்பி மழுங்கிப் போகும்.

செதுக்க வேண்டுமென்றால் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான். ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், அப்புறம் வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்தது. திண்டுக்கல்லும் திருச்சி செம்பட்டும் இந்த வேலைக்குப் பேர் போன ஊர்கள். சென்னை போனால் பெரியமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்து வாங்கலாம். கடையில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம். சந்தேகமாக இருந்தால், கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் தண்ணீர் தொட்டு நகத்தால் அழுத்துங்கள். நகக்குறி அப்படியே நிற்க வேண்டும். மாட்டின் முதுகு, தோள் பக்கத்துத் தோல் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் இழுவை கொடுக்கும், சீட்டுக்கு ஆகாது. எருமைத்தோல் உறுதிதான். ஆனால் மேல்பரப்பு சொரசொரப்பு, நுணுக்கமான கோடு அதில் எடுபடாது.

வேலையில் பாதி ஈரத்தில்தான் இருக்கிறது. ஸ்பாஞ்சால் நனைத்துவிட்டு உடனே கத்தி வைக்கக் கூடாது. தோல் இருண்டு, மறுபடி பழைய நிறத்துக்குத் திரும்புகிற நேரத்தில் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். அப்போது தொடங்குங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேல்பக்கம் சீக்கிரம் உலர்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அதனால் முதல் நாள் ராத்திரியே நனைத்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, விடிகாலையில் உட்காருவது நல்லது. கோட்டைத் தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கத்தியால் கீறி, அந்தக் கீறலின் ஒரு பக்கத்தை மட்டும் அச்சால் தட்டித் தாழ்த்திக்கொண்டே போனால் இலை மேலே எழுந்து நிற்கும். ஈரம் சரியாக இருந்தால் அச்சு விழுந்த இடம் கரும்பழுப்பாக மாறும். மாறவில்லையா, காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் கருங்கல் பலகை, கையில் மரச்சுத்தி. துருப்பிடித்த இரும்பு எதுவும் ஈரத்தோலில் படவே கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதேபோல இதிலும் பட்ட இடத்தில் கருநீலக் கறை பிடிக்கும், பிறகு போகாது. ரிவெட், பக்கிள் எல்லாம் பித்தளையில் போடச் சொல்வதும் அதனால்தான்.

யாளியை எங்கே போடுவது என்பதையும் யோசியுங்கள். உட்காருகிற இடத்தில் போட்டால் பேண்ட் உரசி உரசி முகமே தேய்ந்து போகும், பள்ளத்தில் அழுக்கும் சேரும். நடுவைச் சும்மா விட்டு, பின்விளிம்பிலும் பக்கவாட்டிலும் வேலையை வையுங்கள். சிலர் சாமி படம் கேட்கிறார்கள். உட்காருகிற பொருளில் அது வேண்டாம், நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. கொடிக்கருக்கு, அன்னம், கிளி போதும். திருச்செந்தூர் போகிற வழியில் கிருஷ்ணாபுரம் கோயிலில் இறங்கி, சிற்பத்தில் இருக்கிற நகைகளையும் ஆடை மடிப்புகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று அந்தக் கல்லிடம் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சாரல் காலத்தில் தோல் சீட் நனைந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வெள்ளை, பூசணம்தான். வெளியில் வைத்துக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் ஆறட்டும். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் விறைத்து வெடிக்கும். எண்ணெயை அளவோடு வையுங்கள். தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசினால் தோல் தொளதொளத்து, செதுக்கின கூர்மை போய்விடும், வேட்டியிலும் கறை ஏறும். சீட்டுக்கு நான் மாட்டுக்கால் எண்ணெயை மெல்லிசாக ஒரு கை தடவி, ஊறியபின் மெழுகு கலந்த பாலிஷ் போடுகிறேன். இன்னொன்று, உட்காரும் பரப்பில் தையல் போடச் சொல்லாதீர்கள். ஊசித் துளை வழியாகத்தான் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். வண்டியை நிறுத்தும்போது பிளாஸ்டிக் உறையால் இறுக மூடி வைக்காமல் பருத்தித் துணி போடுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் தோல் பை தொங்கவிட வேண்டும். சேலை கார்டு இடிக்கிறது, கழற்றிவிடலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கழற்றாதீர்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். வீட்டில் அம்மாவோ மனைவியோ சேலையோடு ஏறுகிற வண்டி அது. கார்டுக்கு வெளியே இரும்புக் கம்பியில் ஒரு சட்டம் அடித்து வர்ணம் பூசி, அதில் பையைக் கட்டுங்கள். சட்டம் இல்லாத பை உங்கள் பக்கத்துக் காற்றுக்கு ஆடி ஆடிச் சக்கரத்துக்குள் போகும். வலது பக்கம் சைலன்சர் இருப்பதால் அந்தப் பையைச் சின்னதாக, உயரத்தில் வையுங்கள். கை நுழைகிற இடைவெளியாவது வேண்டும். சூட்டில் வெந்த தோல் சுருங்கிவிடும், எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

கேள்வி: வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். தம்பி வண்டிக்கு ஸ்பேனர் வைக்கிற தோல் பை நானே தைக்க முடியுமா அண்ணாச்சி?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: தாராளமாக முடியும்மா, ஆனால் மெஷினை விட்டுவிடுங்கள். வீட்டு மெஷின் இந்தக் கனத்தை ஏறாது, ஊசிதான் ஒடியும். தொழிற்சாலை மெஷினில் தைத்தாலும் மேல்நூலும் கீழ்நூலும் கொக்கி போட்டு நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். கையில் தைக்கும்போது ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிரே விடுகிறோம். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். வண்டியின் அதிர்வுக்கு இதுதான் தாங்கும்.

கனத்த நூலில் தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். தைக்கிற நீளத்தைப் போல நாலு பங்கு நூல் எடுங்கள். ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பள்ளக்கோடு கீறி, நூலை அதற்குள் உட்கார வைத்தால் உரசலுக்குத் தப்பும். துளையைக் குத்தூசியால் சாய்வாகப் போடுங்கள். தைக்கிற ஊசி முனை மழுங்கலாக இருக்கட்டும், கூர்முனை முந்தின நூலையே குத்திக் கிழிக்கும். எல்லாத் துளையிலும் ஒரே கை முதலில் போக வேண்டும், அப்போதுதான் தையல் ஒரே பக்கம் சாயும். தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவர் நூலை இழுத்து இறுக்குகிற விதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் பைக்குப் பூவேலை வேண்டாம். மூடியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் கீறுங்கள். ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள், இரும்பும் தோலும் ஒட்டாமல் இருக்கும்.