அண்ணாச்சியிடம் கேளுங்கள்: பந்தும் பணமும்

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டை மைதானங்களில் நடுவராக விசில் ஊதியவர். இந்த வாரக் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, 2022 உலகக் கோப்பையின் பரிசுப் பணம் மெஸ்ஸி கைக்கா போயிற்று?

இல்லை தம்பி. அர்ஜென்டினாவின் கால்பந்துச் சங்கத்துக்குப் போனது. 4.2 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 340 கோடி ரூபாய்க்கு மேல். எல்லா அணிகளுக்கும் சேர்த்துப் பரிசு 44 கோடி டாலர். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவோ 2019 முதல் 2022 வரை 750 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதில் மிகப் பெரிய பங்கு ஒளிபரப்பு உரிமையை விற்று வந்தது.

உவரியிலிருந்து: பன்னிரண்டு வயது முதல் எங்கள் கழகத்தில் ஆடும் பையன் நாளை வெளிநாட்டுக் கழகங்களுக்கிடையே விலை போனால், எங்களுக்குக் காலணாவாவது கிடைக்குமா?

காலணா அல்ல, கால் சதவீதம் கிடைக்கும்! ஒப்பந்தம் முடியும் முன்பே வீரரை இன்னொரு நாட்டுக் கழகம் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை சதவீதம். முதல் நான்கு ஆண்டுகளும் உங்களிடம் ஆடியிருந்தால் மொத்தம் ஒரு சதவீதம். பத்துக் கோடிக்கு விலை போனால் பத்து லட்சம். 2017இல் பிரேசில் வீரர் நெய்மாரை பாரிஸ் கழகம் வாங்கிய விலை 22.2 கோடி யூரோ. அதில் கால் சதவீதமே ஐந்தரை லட்சம் யூரோவைத் தாண்டுகிறது.

ஆனால் கழகம் முறையாகக் கால்பந்துச் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும். பையனின் பெயர் ஒவ்வொரு ஆண்டும் அதன் வீரராகப் பதிவாகியிருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் திருவிழாக் கோப்பைக்குப் பந்தல் போடும் அக்கறையில் பாதியைப் பதிவில் காட்டினால் போதும். குழுப் புகைப்படம் சான்று ஆகாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: நம் மாவட்டத்தில் சர்வதேச அரங்கம் கட்டினால் ஊர் செழிக்காதா?

சிமென்ட் விற்பவர் செழிப்பார். பிரேசிலில் அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவுஸில் 2014 உலகக் கோப்பைக்குப் பெரிய அரங்கம் எழுப்பினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே. அதை நிரப்ப அப்போது உள்ளூரில் பெரிய அணி இருக்கவில்லை. 1976 ஒலிம்பிக் கடனை மான்ட்ரியல் நகரம் அடைத்து முடித்தது 2006இல். லாஸ் ஏஞ்சலஸ் 1984இல் பெரும்பாலும் பழைய அரங்குகளையே பயன்படுத்தி 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. நான் கேட்பது நல்ல புல், இரவு விளக்கு, பெண்களுக்கு ஒழுங்கான கழிவறை. அவ்வளவுதான்.

கோவில்பட்டியிலிருந்து: எங்கள் ஊரில் ஹாக்கி உயிர். ஆனால் பணமெல்லாம் ஏன் கிரிக்கெட்டுக்கே போகிறது?

2024 ஏலங்களில் ஹாக்கியின் ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு 78 லட்சம், கிரிக்கெட்டின் ரிஷப் பந்த்துக்கு 27 கோடி. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடிக்கு விற்றதே, அங்கிருந்து வருகிறது அந்த 27 கோடி. பார்ப்பவர் கூட்டம் முதல் காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் நுழையலாம். ஹாக்கியில் ஒவ்வொரு கால் பகுதியிலும் 15 நிமிடத்துக்குப் பந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

மீண்டும் உவரியிலிருந்து: ஒப்பந்தம் முடிந்த பிறகு பையன் வேறு கழகத்துக்குப் போனால்?

1995இல் பெல்ஜிய வீரர் போஸ்மன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை கேட்க முடியாது. விலை இல்லையென்றால் அந்த 5 சதவீதமும் இல்லை. ஆனால் இளம் வயதிலேயே வேறு நாட்டில் முதன்முறையாகத் தொழில்முறை வீரராகப் பதிவானால், அவரை வளர்த்த கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு என்று தனிக்கணக்கு உண்டு. அதற்கும் அதே பதிவேடுதான் வேண்டும், தம்பி.