அரிசி வேகும் முன்பே குக்கர் நின்றுவிடுகிறதா?

இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம். பழைய ரைஸ் குக்கர் பாதி வேக்காட்டிலேயே 'வார்ம்' நிலைக்குத் தாவினால், முதலில் பாத்திரத்துக்குக் கீழே இருக்கும் அடித்தட்டைப் பாருங்கள்.

தட்டின் நடுவே ஸ்பிரிங் வைத்த சின்னக் குமிழ் இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் ஸ்விட்சைத் தட்டிவிடுவது அதுதான். ஒரு பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தாலும் பாத்திரம் சரியாக உட்காராது, கணக்குத் தப்பிவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, குமிழையும் பாத்திரத்தின் அடியையும் துடையுங்கள். ஈரம் காய்ந்ததும் ஒரு கப் தண்ணீர் மட்டும் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மிச்சமிருக்கும்போதே அணைந்தால் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை உணரும் அந்தக் குமிழ், பெரும்பாலும் போய்விட்டது. அப்புறம் வாங்கலாம், ஒற்றை ஸ்விட்ச் வகையே தாராளம்.

ஒயர் வெடித்தோ கருகியோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.