டேப்பர்டு ஃபோர்க் என் ஃபிரேமுக்கு ஏறுமா? ஹெட்செட் கேள்வி பதில்

சைக்கிளோட முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கை முதல்ல வாங்கிட்டு, அப்புறம் அது திரும்புறதுக்கான பேரிங் செட்டான ஹெட்செட்டைத் தேடுறவங்க கேள்விதான் இந்த தடவை நிறைய வந்திருக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிடறேன், ஹெட்செட் உட்கார்ற ஃபிரேமோட முன் குழாய், அதாவது ஹெட் ட்யூபோட உள்விட்டத்தை வெர்னியர் வச்சு மேல தனியா கீழ தனியா அளந்துட்டு வாங்க. அந்த ரெண்டு நம்பர் இல்லாம ஹெட்செட் வாங்கவே கூடாது.

அண்ணா, பழைய 26 இன்ச் ஸ்டீல் ஃபிரேம், ஹெட் ட்யூப் உள்ள 34 மிமீ வருது. செகண்ட்ஸ்ல டேப்பர்டு ஸ்டீரர் ஏர் ஃபோர்க் ஒண்ணு நல்ல விலைக்கு வருது, ஏதாவது அடாப்டர் போட்டு ஏத்திடலாமா?

ஏறாது தம்பி, விட்டுடுங்க. ஸ்டீரர்னா ஃபோர்க்லேர்ந்து ஹெட் ட்யூபுக்குள்ள போற தண்டு, டேப்பர்டுல அது மேல 28.6 மிமீ இருந்தாலும் கீழ ஃபோர்க் கால்கள் சேர்ற கிரவுன் கிட்ட 38.1 மிமீ ஆயிடும், உங்க ட்யூபே 34 தான், அதுக்குள்ள பேரிங்கைத் தாங்குற கப்பும் போகணும், எப்படி நுழையும்? ட்யூபைக் கடைஞ்சு தர்றேன்னு லேத்ல யாராவது சொன்னா தயவுசெஞ்சு சம்மதிக்காதீங்க, அந்த இடத்துல சுவர் மெலிஞ்சா இறக்கத்துல பல்லு போயிடும். நேர் ஸ்டீரர், அதாவது 1-1/8 இன்ச், 28.6 மிமீ ஃபோர்க்கா தேடுங்க, ஈசி34 ஹெட்செட் போடுங்க, ஈசின்னா கப் ஃபிரேமுக்கு வெளிய நிக்கிற வகை.

எனக்கு மேலயும் கீழயும் 44 மிமீ. டேப்பர்டு போடலாம்ங்கிறாங்க, போட முடியாதுங்கிறாங்க, எது சரி?

போடலாம். 44 நேர் ட்யூப் ரொம்ப வசதியான அளவு, புது சர்லி கராத்தே மங்கி சைக்கிள்ல கூட இதுதான். மேல இசட்எஸ்44/28.6 வாங்குங்க, கப் உள்ளுக்குள்ள உட்கார்ந்துடும். கீழ மட்டும் ஈசி44/40 வேணும், ஏன்னா டேப்பர்டு ஃபோர்க்கோட கீழ் பேரிங் வெளிவிட்டம் 52 மிமீ, அது 44 ட்யூபுக்குள்ள போகவே போகாது, அதனால கப் வெளிய தொங்கிட்டு இருக்கணும். சாய்கோட்டுக்கு (/) முன்னாடி இருக்கிற நம்பர் ஃபிரேமுக்கு, பின்னாடி இருக்கிறது ஃபோர்க்குக்கு, கீழ் பக்கத்துல 40ன்னா டேப்பர்டு கிரவுன் ரேஸ் (கிரவுன் மேல உட்கார்ந்து பேரிங்கைத் தாங்குற வளையம்), 30ன்னா நேர் ஸ்டீரர். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. வெளிக் கப் வர்றதால முன்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரும், ஹெட் ஆங்கிள் அரை டிகிரி மாதிரி சாயும், அதுக்கு மேல நீளமான ஃபோர்க்கும் போட்டா 20 மிமீக்கு ஏறக்குறைய ஒரு டிகிரின்னு கணக்கு வச்சுக்கோங்க.

சார், என் ஃபிரேம்ல கப்பே இல்ல, பேரிங் நேரா உள்ள உட்காருது. கடையில ஏதோ ஒண்ணு போட்டுக் கொடுத்தாங்க, ஒரு மாசத்துலயே ஆடுது.

இதுல கொஞ்சம் கவனமா இருங்க, நிஜமாவே ஃபிரேம் போயிடும். கப் இல்லாத ஃபிரேம்ல பேரிங்குக்கு ஃபிரேம்தான் இருக்கை. மேல் பேரிங்ல ஐஎஸ்41, ஐஎஸ்42ன்னு ரெண்டு இருக்கு, முதலாவது வெளிவிட்டம் 41 மிமீ, ஓரங்களோட சாய்வு 36க்கு 45 டிகிரி, ரெண்டாவது 41.8 மிமீ, 45க்கு 45. கையில வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். என்கிட்ட ஒரு ஃபிரேம் வந்துச்சு, 41.8 உட்கார வேண்டிய இடத்துல 41 போட்டு ஓட்டியிருக்காங்க, பேரிங்கை எடுத்து விரலால தடவினா இருக்கையில ஒரு வரம்பு மாதிரி தட்டுப்பட்டுச்சு, கிரீஸ் முழுக்க வெள்ளி நிறத் தூள், அது அத்தனையும் ஃபிரேமோட அலுமினியம். உங்க பழைய பேரிங் இருந்தா அதைத் துடைச்சுட்டு ஓரத்தைப் பாருங்க, அளவும் டிகிரியும் பெரும்பாலும் பொறிச்சிருக்கும், அதே மாதிரியே வாங்குங்க.

ப்ரோ, எனக்கு நேர்மாறு, ஃபிரேம் டேப்பர்டு, மேல 44 கீழ 56, கையில இருக்கிற ஃபோர்க் நேர் ஸ்டீரர்.

கவலையே வேண்டாம் ப்ரோ. கீழ இசட்எஸ்56/30 வாங்குங்க, இல்ல இசட்எஸ்56/40 ஏற்கனவே இருந்தா 40லேர்ந்து 30க்கு குறைக்கிற கிரவுன் ரேஸ் மட்டும் மாத்துங்க. பெரிய ஃபிரேம்ல சின்ன ஸ்டீரர் எப்பவும் போகும், தலைகீழா போகாது.

வெர்னியர்ல அளந்தா 43.8, 44.1ன்னு மாறி மாறி வருது அண்ணா.

உள்ள பழைய கிரீஸ், பெயின்ட் ஒட்டியிருக்கும், துணியால நல்லா துடைங்க. வெர்னியரோட உள் தாடையை நேரா வச்சு ஒண்ணு, 90 டிகிரி திருப்பி ஒண்ணு எடுங்க. ரெண்டும் 43.95 பக்கத்துல வந்தா சரி. ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் தொடர்ந்து வந்தா ட்யூப் ஓவலா போயிருக்கு, கப்பை அழுத்தறதுக்கு முன்னாடி துளையைச் சீராக்குற ரீமர் வச்சிருக்கிற கடையில காட்டிடுங்க. சுத்தியல், மரக்கட்டை வச்சு கப் அடிக்கிறதை மட்டும் செய்யாதீங்க, கோணலா போய் உட்காரும்.

எல்லாம் போட்டாச்சு, இன்னும் டக் டக்னு சத்தம்.

முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, கீழ் கப்பும் கிரவுனும் சேர்ற இடத்துல விரல் வச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. அங்க அசைஞ்சா ஹேண்டில்பாரை ஸ்டீரரோட பிடிக்கிற ஸ்டெம்மோட போல்ட் ரெண்டையும் தளர்த்தி, மேல் கேப் போல்ட்டை கொஞ்சம் கொஞ்சமா திருகி ஆட்டம் நின்னதும் நிறுத்துங்க, அப்புறம் ஸ்டெம்மை அதுல எழுதியிருக்கிற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்க. கேப் இறுகியும் ஆட்டம் போகலன்னா ஸ்டீரர் ஸ்டெம்முக்கு மேல எட்டிப் பார்க்குதான்னு பாருங்க, ஸ்டெம் மேல்பக்கத்துக்கு 3 மிமீ கீழ இருக்கணும், இல்லாட்டி ஒரு ஸ்பேசர் வளையம் சேருங்க.