கவுன்சலிங் போகப் போகிறீர்களா? வாசகர் கேள்விகள்

முதல் நாளே பாரம் இறங்கிவிடுமா? (வாசகி, திருச்சி)

பெரும்பாலும் இறங்காது. முதல் அமர்வு முக்கால்வாசி விசாரணைதான்: தூக்கம், பசி, வேலை, குடும்பம், குடி, பழைய சிகிச்சை. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினால் கடந்த 2 வாரத்தை நினைத்து டிக் செய்யுங்கள். நல்ல மார்க் வாங்கப் பார்க்காதீர்கள். பழையதைக் கிளறியதால் அன்று ராத்திரி கூடுதலாகக் கனக்கலாம். அதற்காக அடுத்த அமர்வை ரத்து செய்துவிடாதீர்கள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கவுன்சலர் கேட்டார். என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்? (வாசகர், சேலம்)

ஒன்றும் நினைக்கவில்லை. எல்லாரிடமும் கேட்பதுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

எத்தனை தடவை போக வேண்டும்? (வாசகர், ஈரோடு)

என்ன பிரச்சினை என்று ஒரு வரி எழுதக் கூடாதா? பதற்றம் போன்றவற்றுக்கு வாரம் ஒன்று வீதம் பத்துப் பதினைந்து ஆகலாம். கவுன்சலர் ஒத்துவருவாரா என்பது மூன்று நான்கு அமர்வில் தெரிந்துவிடும்.

மகளுக்கு 22 வயது. என்ன பேசினாள் என்று கவுன்சலர் சொல்ல மறுக்கிறார். பணம் கட்டுவது நான்தானே? (வாசகர், மதுரை)

பணம் கட்டினால் ரசீது கிடைக்கும், ரகசியம் கிடைக்காது. இந்தக் கடிதம் மாதாமாதம் யாராவது ஒரு அப்பாவிடமிருந்து வந்துவிடுகிறது. 2017 மனநலச் சட்டம் ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சமயங்களில்தான் விலக்கு. நீங்கள் போன் போட்டுக் குடைவது மகளுக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் அவள் வாயே திறக்க மாட்டாள். அந்த ஃபீஸும் தண்டம். வீட்டில் கவனித்ததைச் சொல்ல வேண்டுமா? மகளிடம் சொல்லிவிட்டு கவுன்சலரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் வாங்கிக்கொள்வார், பதிலுக்கு எதுவும் சொல்ல மாட்டார். மகள் சம்மதித்தால் கடைசி 15 நிமிடம் மூவரும் உட்காரலாம். திரும்பி வரும்போது வண்டியில் "என்ன கேட்டாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. எதை வீட்டில் சொல்வது என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

கவுன்சலரை மாற்றுகிறேன். "சின்ன வெள்ளை மாத்திரை" சாப்பிடுகிறேன். நிறுத்தலாமா? (வாசகி, சென்னை)

பாதி மாத்திரைகள் சின்னது, வெள்ளை. புது கவுன்சலரிடம் மருந்துச் சீட்டை எடுத்துப் போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்: தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம், பழைய நோயும் திரும்பலாம். எழுதிக் கொடுத்த மனநல மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிக்காத கவுன்சலர் மாத்திரையில் கை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு அமர்வுக்கு நடுவில் தாங்க முடியாமல் போனால்? (பெயர் இல்லை)

அடுத்த வாரம்வரை பொறுக்காதீர்கள். 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.